வீட்டு இணையம்: மாதக் கட்டணம் சொல்லாத கணக்கு

வீட்டுக்கு இணையம் போடலாம் என்றதும் முதலில் வாயில் வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதிலாக வரும் எண்ணை மட்டும் வைத்து இரண்டு நிறுவனங்களை எடைபோட்டால் பல நேரம் தவறான பக்கம்தான் கை போகும். இணைப்பு போடும் செலவு, ரௌட்டர் வாடகை, வரி, சலுகை முடிந்தபின் ஏறும் தொகை, பாதியில் விட்டால் அபராதம் எல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கின்றன. பார்க்க வேண்டிய எண் வேறு. அந்த வீட்டில் எத்தனை மாதம் இருக்கப்போகிறீர்களோ, அத்தனை மாதத்துக்கும் கையைவிட்டுப் போகும் மொத்தப் பணத்தை மாதக் கணக்கால் வகுங்கள். அதுதான் உங்கள் உண்மையான மாதக் கட்டணம்.

நாணயம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே வெறும் எண்களாகவே பார்ப்போம். முதல் திட்டத்தில் ஆறு மாதம் சலுகையாக மாதம் 60, அதன்பின் 110, ரௌட்டர் வாடகை மாதம் 10, இணைப்பு போட 200. இரண்டாவது திட்டத்தில் எப்போதும் மாதம் 100, இணைப்பு இலவசம், ரௌட்டரை நீங்களே 250 கொடுத்து வாங்க வேண்டும். விளம்பரப் பலகையில் 60-உம் 100-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது யாரும் 60-ஐத்தான் தொடுவார்கள். 24 மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். முதலாவது 360 + 1980 + 240 + 200 = 2780, மாதம் ஏறத்தாழ 116. இரண்டாவது 2400 + 250 = 2650, மாதம் 110. போதாததற்கு ரௌட்டரும் உங்கள் சொத்து.

ஆனால் ஒரே ஆண்டில் வீடு மாறப்போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். 12 மாதத்தில் முதலாவது 1340, இரண்டாவது 1450. இரண்டும் ஒன்றையொன்று தாண்டுவது 18-ஆம் மாதத்தில். "எது மலிவு?" என்ற கேள்விக்கு "எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்காமல் யாராவது பதில் சொன்னால் அவர் விற்பனையாளராகத்தான் இருப்பார்.

இதே கணக்கில் இன்னும் இரண்டு இடத்தில் கண் வைக்க வேண்டும். ஒன்று, 28 நாள் திட்டம். அது மாதத் திட்டம் போலத் தெரியும், ஆனால் ஆண்டுக்கு 13 முறை கட்ட வேண்டிவரும். மாதத் திட்டத்தோடு ஒப்பிடும்முன் தொகையை 13-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முன்பணச் சலுகை. "12 மாதம் கட்டினால் 2 மாதம் இலவசம்", "6 மாதம் கட்டினால் 1 மாதம் இலவசம்" இரண்டிலும் தள்ளுபடி ஒன்றேதான், சுமார் 14 சதவீதம். பிறகு எதற்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் சேவை கெட்டாலும் நகர முடியாமல் மாட்டிக்கொள்ள வேண்டும்? ஆறு மாதமே போதும். புதிய நிறுவனமாக இருந்தால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவது நல்லது, சலுகை போனாலும் போகட்டும்.

எவ்வளவு வேகத்துக்குப் பணம் கொடுப்பது?

பெரும்பாலான வீடுகள் பணத்தை அதிகம் விடுவது இங்கேதான். எச்டி தரத்தில் ஒரு படம் ஓட சுமார் 5 எம்பிபிஎஸ் (வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) போதும். 4கே என்றால் 15 முதல் 25. வீடியோ அழைப்புக்கு 2 முதல் 4. ஒரே நேரத்தில் ஹாலில் 4கே, அறையில் எச்டி, இன்னொருவர் அலுவலக அழைப்பில், இரண்டு கைபேசி கையில் என்று எல்லாம் ஓடினாலும் 35 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றித்தான் நிற்கும். நாலு பேர் வீட்டுக்கு 50 தாராளம், 100 வசதி. 300-ம் 500-ம் வாங்குவதில் கிடைப்பது பெரிய கோப்புகளை இறக்கும்போது மிச்சமாகும் நேரம் மட்டும். 80 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க 50 எம்பிபிஎஸ்ஸில் மூன்றரை மணி நேரம், 300-இல் 36 நிமிடம். மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த மூன்று மணி நேரத்துக்காக மாதாமாதம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று பார்த்தால் பலர் கீழே இறங்கிவிடுவார்கள். ஆன்லைன் விளையாட்டுக்கு வேகம் கூடுதலாக வேண்டும் என்பதும் தவறான எண்ணம். விளையாடும்போது 1 எம்பிபிஎஸ்கூட முழுதாகச் செலவாவது அரிது. அங்கே கணக்கு, ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஆகும் தாமதத்தில், அதாவது லேட்டன்சியில்.

இறக்கும் வேகத்தையே பார்த்துக்கொண்டு ஏற்றும் வேகத்தை மறப்பது இன்னொரு வழக்கம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும், வகுப்பு எடுப்பவருக்கும், வீடியோ ஏற்றுபவருக்கும் அப்லோடு 10 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும். அது விளம்பரத்தில் சின்ன எழுத்தில்கூட இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது டேட்டா வரம்பு. "அன்லிமிடெட்" என்று எழுதியிருந்தாலும் நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று ஒன்று உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓட்டினால் 500 ஜிபி தீர 11 மணி நேரம் போதும். வரம்பைத் தாண்டினால் 1 எம்பிபிஎஸ்ஸாகக் குறைப்பார்கள் என்றால், செய்தியும் மின்னஞ்சலும் போகும், படம் ஓடாது. வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்துகொள்ள: எச்டி படம் மணிக்கு 2 முதல் 3 ஜிபி, 4கே சுமார் 7, சாதாரணத் தரம் ஒன்றுக்கும் கீழே, வீடியோ அழைப்பு சுமார் 1. தினம் மூன்று மணி நேரம் டிவி எச்டியில் ஓடினால் மாதம் 225 ஜிபி. 22 நாள் இரண்டிரண்டு மணி நேர அழைப்பு 44. நாலு கைபேசி தலைக்கு நாளுக்கு ஒரு ஜிபி என்றால் 120. ஆக, 390 ஜிபிக்குப் பக்கம். இதில் எதிர்பாராமல் வந்து விழுவது கண்காணிப்புக் கேமரா. 2 எம்பிபிஎஸ்ஸில் இரவு பகலாக மேகச் சேமிப்புக்கு ஏற்றும் ஒரே ஒரு கேமரா மாதம் 648 ஜிபி தின்னும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றினாலே அது சில பத்து ஜிபிக்கு இறங்கிவிடும்.

எந்தக் கம்பி, எந்த அலை?

ஃபைபர் கிடைக்கிற இடத்தில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்பதே என் தீர்ப்பு, மாதக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும். மழை, தூரம், மின்காந்த இரைச்சல் எதுவும் கண்ணாடி இழையை அவ்வளவாகப் பாதிக்காது. தெருவில் மின்சாரம் போனாலும், நிறுவனத்தின் நிலையத்திலும் உங்கள் வீட்டிலும் மின்சாரம் இருந்தால் இணைப்பு இருக்கும். இடையில் இருப்பது மின்சாரம் வேண்டாத பிரிப்பான் மட்டும். பழுது என்றால் பெரும்பாலும் மடிந்த இழை அல்லது அழுக்கான முனை. இழையை 3 செ.மீ. ஆரத்துக்கும் இறுக்கமாக வளைக்கக் கூடாது, கதவிடுக்கில் விடக் கூடாது. இழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சரியாகாது, ஆள்தான் வர வேண்டும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளி அளவு தெரியும். −15 முதல் −24 டிபிஎம் (வலிமையின் அலகு, பூஜ்யத்திலிருந்து கீழே போகப் போக வலு குறைவு) வரை நிம்மதி. −27-க்கும் கீழே போனால் இணைப்பு விட்டு விட்டு வரும். இணைப்பு போட்ட அன்றே இந்த எண்ணைக் குறித்து வைத்தால், பின்னால் புகார் செய்யும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

கேபிள் டிவியின் தடித்த கம்பி வழியே வரும் இணையம் இறக்கும் வேகத்தில் குறைவில்லை. ஏற்றும் வேகம் பல இடங்களில் அதில் பத்தில் ஒரு பங்குதான். தெருவில் உள்ள பெருக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் பகுதி முழுக்க மின்தடை என்றால் உங்கள் இன்வெர்ட்டர் உதவாது.

பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் டிஎஸ்எல் இன்றும் சில இடங்களில் மலிவாகக் கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்கும்முன் தொலைபேசி நிலையம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அதில் ஏடிஎஸ்எல்2+ என்ற வகை உச்சத்தில் 24 எம்பிபிஎஸ். மூன்று கிலோமீட்டர் தாண்டினால் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் மூட்டுகளில் ஈரம் இறங்கினால் அதுவும் போகும்.

4ஜி, 5ஜி வீட்டு ரௌட்டருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கம்பி இழுக்க வேண்டாம், வீட்டு உரிமையாளரிடம் சுவரில் துளை போட அனுமதி கேட்க வேண்டாம், வீடு மாறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆண்டுக்கு ஒரு வீடு மாறும் வாடகைக்காரருக்கு இணைப்புச் செலவு மிச்சமாவதிலேயே கட்டண வித்தியாசம் சரியாகிவிடும். ஆனால் கோபுரத்தைத் தெருவே பகிர்ந்துகொள்கிறது. காலை 7 மணிக்கு 150 வந்த இடத்தில் இரவு 9 மணிக்கு 15 வரலாம். வாங்கும்முன் அதே நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியை ரௌட்டர் வைக்கப்போகும் ஜன்னலருகே வைத்து, மூன்று நாள் காலையும் இரவும் வேகம் அளந்து பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்று கைபேசி காட்டும் அலை வலிமை −90 டிபிஎம்மைவிட மேலே இருந்தால் நல்லது, −110-க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஜன்னல் அலையை நன்றாகவே தடுக்கும். அங்கே ஜன்னலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை அளக்க வேண்டும்.

செயற்கைக்கோள் இணையம் வேறு வழியே இல்லாத இடத்துக்கானது. 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் பழைய வகையில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒளிக்கே ஏறத்தாழ அரை வினாடி ஆகும். பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். 550 கி.மீ. அளவில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தொல்லை இல்லை. அதன் செலவு டிஷ்ஷின் விலையிலும் மின்சாரத்திலும் இருக்கிறது. டிஷ் 75 வாட் எடுத்தால் மாதம் 54 யூனிட். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 15 வாட் என்றால் 11 யூனிட்கூட வராது. சூரிய மின்சாரத்தை நம்பியிருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் ஒரு கூடுதல் பலகையாகவும் மின்கலமாகவும் முளைக்கும்.

கைபேசி டேட்டா மட்டும் போதுமா?

தனியாக இருப்பவர், வீட்டில் டிவி இல்லாதவர், மாதம் 40, 50 ஜிபிக்குள் முடித்துக்கொள்பவர் வீட்டு இணைப்பு எடுப்பது வீண்செலவு. குடும்பம் என்று வந்ததும் கணக்கு மாறுகிறது. நாலு சிம்மிலும் தலைக்கு நாளுக்கு ஒன்றரை ஜிபி இருந்தால் 28 நாளுக்கு 168 ஜிபி என்று தோன்றும். ஆனால் அது பானையில் சேரும் தண்ணீர் இல்லை. அம்மாவின் கைபேசியில் மிஞ்சிய ஒரு ஜிபி நள்ளிரவோடு போகும். அதே நாளில் மகளுக்கு மாலை வகுப்பின் நடுவே தீர்ந்துபோகும். எல்லோருடைய ரீசார்ஜையும் கூட்டிப் பாருங்கள். வீட்டில் வைஃபை வந்தால் அவற்றில் எத்தனையை அழைப்புக்கு மட்டுமான சிறிய திட்டத்துக்கு இறக்கலாம் என்றும் பாருங்கள். மிச்சமாகும் தொகை வீட்டு இணைப்பின் உண்மையான மாதச் செலவுக்குப் பக்கத்தில் வந்தால் தயங்க வேண்டாம்.

எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். மேலே பார்த்த இரண்டாவது திட்டத்தின் உண்மையான மாதச் செலவு 110. கைபேசியில் கூடுதல் டேட்டா ஜிபிக்கு 1 என்று விற்றால் மாதம் 110 ஜிபிக்கு மேல் செலவழிப்பவருக்கு வீட்டு இணைப்பு லாபம். ஜிபிக்கு 3 என்றால் 37 ஜிபியிலேயே லாபம்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. கையில் காசு குறைவாக உள்ள வீடுகள் ஜிபிக்கு அதிக விலை கொடுத்தும் சிறிய ரீசார்ஜையே நாடுவதற்கு அறியாமை காரணமில்லை. நாள்கூலியில் ஓடும் வீட்டுக்கு மாத முதல் தேதியில் ஒரு பெரிய தொகையும் அதற்கு முன்னால் டெபாசிட்டும் எட்டாத உயரம். சிறிய ரீசார்ஜை வேலை இல்லாத வாரத்தில் போடாமல் விடலாம், கடன் பாக்கி என்று யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு, அதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு யோசனை சொல்வதானால், மாதக் கட்டணத்தைவிட டெபாசிட் இல்லாத, முன்பணம் செலுத்தும் வகையான, இடையில் ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் அபராதம் இல்லாத இணைப்பைத் தேடச் சொல்ல வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கோ மாணவர்களுக்கோ தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் அது தலைகாட்டுவது குறைவு.

எவ்வளவு கொடுத்தால் கட்டுப்படியாகும் என்பதற்கு உலக அளவில் ஒரு கோடு இருக்கிறது. ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-இல் வைத்த இலக்குப்படி, வளரும் நாடுகளில் 2025-க்குள் அடிப்படை இணையச் சேவை தனிநபர் மாத வருமான சராசரியில் 2 சதவீதத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அது நாட்டின் சராசரி. சராசரிக்கு வெகு கீழே உள்ள வீட்டுக்கு அதே கட்டணம் 5, 6 சதவீதமாகிவிடலாம். ஆகவே உங்கள் வீட்டு வருமானத்தை வைத்தே அந்த 2 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள்.

வாங்கிய வேகம் அறைக்கு வருகிறதா?

"நெட் ஸ்லோ" என்று பெரிய திட்டத்துக்கு மாறும்முன் ஒரு சோதனை. மடிக்கணினியை ரௌட்டரோடு கம்பியால் இணைத்து வேகம் பாருங்கள். கம்பியில் முழு வேகம் வந்து, அறையில் வராவிட்டால் குற்றம் வைஃபையுடையது. திட்டத்தை உயர்த்தினால் பணம்தான் போகும். 100-க்கு மேற்பட்ட திட்டத்தில் கம்பியிலும் சரியாக 94-இல் நின்றால் வேறு கதை. ரௌட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது கம்பியின் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. கேட் 5இ கம்பி 100 மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் தாங்கும், ஆனால் எட்டு இழையும் உயிரோடு இருக்க வேண்டும். நாலு இழையை மட்டும் முனையில் இறுக்கிவிட்டுப் போகும் அவசர வேலை அபூர்வமில்லை.

வைஃபைதான் குற்றவாளி என்றால் முதலில் செலவில்லாத வைத்தியம். ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரும்பு அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் 1, 6, 11 தவிர வேறு வைக்காதீர்கள், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்தில் இருக்கும் டிவிக்கும் மடிக்கணினிக்கும் 5 கிகாஹெர்ட்ஸ். அது வேகமானது, ஆனால் இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும்.

அப்படியும் எட்டாத அறைக்கு மலிவான ரிப்பீட்டர் வாங்குவதைவிட, பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரை எடுத்து ஒரு கம்பி இழுப்பது மேல். ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு அதே அலையில் சொல்வதால் வேகம் பாதியாகும். பழைய ரௌட்டரின் முகவரியை முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள் (192.168.1.1 இருந்தால் இதற்கு 192.168.1.2). அதில் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணையுங்கள். கம்பியை இணையம் உள்ளே வரும் வான் (WAN) துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. டிஎச்சிபியை அணைக்க மறந்தால் சில கருவிகள் "இணைந்திருக்கிறது, இணையம் இல்லை" என்று நிற்கும்.

மின்தடைக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் கிடைக்கிறது. 10,400 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 38 வாட்-மணி. இழப்பு போக, 12 வாட் எடுக்கும் ரௌட்டருக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். வாங்கும்முன் ரௌட்டரின் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பாருங்கள். மாற்றிச் செருகினால் யூபிஎஸ் விலையோடு ரௌட்டர் விலையும் சேரும்.

ஒப்பந்தமும் விலகலும்

கையெழுத்து போடும்முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: சலுகை முடியும் தேதியும் அதன்பின் கட்டணமும், வரியோடு சேர்ந்த தொகை, பாதியில் விட்டால் அபராதம், வீடு மாறினால் இணைப்பை இடம் மாற்றும் கட்டணம், டெபாசிட் திரும்பும் நாள். சலுகை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அழைத்து, இணைப்பை ரத்து செய்யும் பிரிவையே கேளுங்கள். புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலையைத் தரும் அதிகாரம் பல நிறுவனங்களில் அந்த மேசையில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்து பாதிப் பாதி கட்டுவது மலிவான வழிதான். ஆனால் பல ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன, அந்த இணைப்பில் நடப்பதற்கெல்லாம் பெயர் கொடுத்தவரே பொறுப்பு.

நிறுவனம் மாறும்போது பழையதை அன்றே துண்டிக்காதீர்கள். ஒரு வாரம் இரண்டும் ஓடட்டும். புதியதில் இரவு 8 முதல் 10 வரை மூன்று நாளாவது அளந்து பார்த்தபின் பழையதை விடுங்கள். அந்த ஒரு வாரக் கட்டணம், வகுப்பும் வேலையும் தடைபடுவதைவிடக் குறைவு. பழைய ஓஎன்டியையும் ரௌட்டரையும் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண்ணைப் படமெடுத்து, அதே எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். வந்து எடுத்துப் போகிறவர் "ஆபீசில் பதிவாகிவிடும்" என்பார். ரசீது இல்லாவிட்டால் கருவி வந்து சேரவில்லை என்று சொல்லி டெபாசிட்டில் கழிக்க வழி உண்டு.